முத்துக்கிருஷ்ணன் ஐயாவின் ரோமாபுரிக் குளியல்

வெந்நீரில் குளிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, சார். சிலமலையில் எங்கள் வீட்டில் யாருக்குமே இல்லை. மோட்டார் ஓடினால் தொட்டியில் குளிப்போம், ஓடாவிட்டால் அன்றைக்குக் குளிக்க மாட்டோம். அதனால், வியர்ப்பதற்கென்றே ஒரு மனிதன் அறை கட்டி, அதற்குத் தீ மூட்டி, உள்ளே போய் அம்மணமாக உட்கார்ந்து, வியர்த்ததும் அதைச் சுரண்டி எடுக்க ஓர் ஆளையும் வைத்திருப்பான் என்று முதன்முதலாகப் படித்தபோது நான் நம்பவில்லை. அகராதியில் தப்பான வார்த்தையைப் பார்த்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி தேடினேன். சரியான வார்த்தைதான்.

லத்தீன் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். இல்லாவிட்டால், ஒரு எஸ்டேட் முதலாளி ஏலக்காய் ஸ்டோருக்குள் ஏன் இடுப்புத் துண்டோடு செத்துக் கிடந்தார் என்பது உங்களுக்குக் கடைசிவரை விளங்காது.

இன்ஜினீயரிங் இரண்டாம் வருடத்தில் நின்றுவிட்டேன். காரணம் ஒன்றும் சோகமானதில்லை, பிடிக்கவில்லை. மதுரையில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்டு கிடைத்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பழைய புத்தகங்களைப் படமெடுத்து அனுப்பும். கம்ப்யூட்டர் அந்தப் படத்தைப் படித்து எழுத்தாக்கும், பாதி தப்பாக. நாங்கள் விடிய விடிய உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். எனக்கு ஒதுக்கியது லத்தீன். மொழி தெரியாமலிருப்பதே தகுதி என்பார் சூப்பர்வைசர். தெரிந்தால் படிக்க ஆரம்பித்துவிடுவோமாம், வேலை கெடும். நான் படிக்க ஆரம்பித்தேன். வேலை கெட்டது.

பளிங்குத் தூண், தத்துவம், வீரம் என்று ஏதேதோ எதிர்பார்த்துத்தான் உள்ளே போனேன். அங்கே இருந்தது வேறு. விடியுமுன் பெரிய வீட்டு வாசலில் போய்க் கும்பிடு போட நின்றவன், முதலாளி தான் தூங்குவதாகச் சொல்லச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார் என்று செய்யுள் எழுதியிருந்தான். விருந்துக்குப் போனவன், முதலாளிக்குப் பெரிய மீனும் தனக்கு அதன் முள்ளும் வந்ததைப் பாடியிருந்தான். ஒருவன் புது மேலங்கி கேட்டு அழகான சந்தத்தில் பிச்சை எடுத்திருந்தான். பிள்ளையில்லாத பணக்காரக் கிழவன் இருமினால், உயிலில் இடம் கிடைக்குமென்று ஊரே பழக்கூடையோடு போய் நின்றது. மிச்சப் பாட்டெல்லாம் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரில் இருப்பதுதான், யாப்பு மட்டும் சுத்தம். இதையெல்லாம் புரிந்துகொள்ள எனக்கு அகராதி அதிகம் தேவைப்படவில்லை. இரண்டாயிரம் வருடம் முன்னால் செத்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

அடிமைகளைப் பற்றி மட்டும் அவர்கள் அதிகம் எழுதவில்லை. தண்ணீர் கொண்டுவந்தான், விளக்குப் பிடித்தான், அடிபட்டான். வாக்கியத்தின் ஓரத்தில் வந்துபோவார்கள். பெரும்பாலும் பெயர்கூட இருக்காது.

கம்ப்யூட்டர் தன் தப்பைத் தானே திருத்திக்கொள்ளக் கற்றதும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவில் தூங்குவது எனக்கு மறந்துபோயிருந்தது. விழித்திருப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை நம் பக்கத்தில் ஏலக்காய் ஸ்டோரில் தீப் போடுவதுதான். குரங்கணிக்கு மேலே முத்துக்கிருஷ்ணன் ஐயாவின் எஸ்டேட்டில் சேர்ந்தேன்.

ஸ்டோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னலில்லாத அறை. வெளியே அடுப்பு. அடுப்பிலிருந்து கிளம்பும் இரும்புக் குழாய் அறையின் தரையைச் சுற்றி ஓடிப் புகைக்கூண்டில் ஏறும். புகை குழாய்க்குள், சூடு அறைக்குள். பச்சைக் காயை உலர்த்தத் தட்டுகளில் பரப்பிக் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டால், தீப் போடுகிறவன் சொல்லாமல் அந்தக் கதவை யாரும் தொடக்கூடாது. முதலாளியே ஆனாலும் தொடக்கூடாது. நடுவில் திறந்து குளிர்காற்றுப் பட்டால் காயின் பச்சை போய்விடும், ஏலத்தில் எவனும் சீந்த மாட்டான். எங்கள் மலையில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தவழ்கிற குழந்தைகூட அந்தத் தாழ்ப் பக்கம் போகாது.

ஒரு விடியற்காலையில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து செல்லைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். நடைக்கு வந்த ஐயா நின்றுவிட்டார்.

“என்னடா முணங்குற? என் ஸ்டோருக்குச் செய்வினை வைக்கிறியா?”

“லத்தீனுங்கய்யா.”

“வேதத்துல சேந்துட்டியா?”

“இல்லய்யா. இது மாதாகோயிலுக்கும் முந்துன ஆளுக.”

“அதுக்கு முந்தி அங்கிட்டு ஆளு இருந்தாகளா?”

இருந்தார்கள் என்றேன். என்ன செய்தார்கள் என்று கேட்டார். தோட்டம் வைத்திருந்தார்கள், வேலையாட்களை வைத்திருந்தார்கள், தாங்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நம்மாளுகதான்யா,” என்றார்.

ஐயாவுக்கு மனைவி இல்லை, பிள்ளையும் இல்லை. குதிரை வாங்கி அலுத்து, வானத்தைப் பார்க்கிற தொலைநோக்கி வாங்கி அலுத்து உட்கார்ந்திருந்தவர். மறுநாளிலிருந்து சாயங்காலம் அவர் வீட்டு வராந்தாவில் நான் படித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவருக்கு எதிரே எனக்கு ஒரு பிரம்பு நாற்காலி. அவர் குடிக்கிற அதே மாதிரி பீங்கான் கோப்பையில் டீ. அந்த எஸ்டேட்டில் தீப் போடுகிறவன் எவனும் அந்த வராந்தாவில் உட்கார்ந்ததில்லை. இதைத் தகவலுக்காகச் சொல்கிறேன், வேறு காரணமில்லை.

ரோமாபுரி மெல்ல எஸ்டேட்டுக்குள் இறங்கியது. முதலில் காலை வணக்கம். வேலைக்குப் போகிறவர்கள் வாசலில் வரிசையாக நின்று கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அது முன்பும் நடந்துகொண்டிருந்ததுதான். இப்போது அதற்கு ஒரு பெயர் கிடைத்தது. அடுத்தது, சாய்ந்து படுத்துக்கொண்டு சாப்பிடுவது. முதல் நாளே ரசம் காதுக்குள் போனது. காய் தரம் பிரிக்கிற வீரலட்சுமி அக்கா வாசலிலிருந்து பார்த்துவிட்டு, “இதுக்கு எதுக்குய்யா ரோமாபுரி? பெரியாஸ்பத்திரில போயிப் பாருங்க, பூராப் பேரும் ஒருக்களிச்சுத்தான் திங்கிறாக,” என்றார். ஐயாவே சிரித்துவிட்டார்.

வருடத்தில் ஒருமுறை எஜமான் அடிமைகளுக்குப் பரிமாறுகிற திருவிழா அவர்களுக்கு உண்டு. அதையும் செய்து பார்த்தோம். ஐயா வாளியைத் தூக்கி நாலைந்து இலைக்குச் சாம்பார் ஊற்றினார், இடுப்புப் பிடித்துக்கொண்டது. அன்று மிச்ச நேரமெல்லாம் அவருக்குத் தைலம் தேய்த்தவர் சோணை அண்ணன், வீரலட்சுமி அக்காவின் வீட்டுக்காரர். தான் சாப்பிடக்கூட இல்லை.

கடைசியில் அந்த வியர்க்கிற அறை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரில் காய் இருக்காது. தட்டுகளை ஓரம் தள்ளி, ஒரு பெஞ்சு போட்டு, மிதமாகத் தீ வைப்பேன். ஐயா துண்டோடு உள்ளே போய் உட்காருவார். சோணை அண்ணன் நல்லெண்ணெய் பூசி, வளைவாகச் சீவிய மூங்கில் பத்தையால் முதுகைச் சுரண்டி எடுப்பார். புத்தகத்தில் அது வெண்கலம். நான் வியர்க்க வியர்க்கப் படிப்பேன். முடிந்து வெளியே வரும்போது ஐயாவிடம் ஏலக்காய் மணக்கும். “பாயாசத்துல போட்டுறலாம்போல இருக்கு அப்பு, ஐயாவ,” என்று சோணை அண்ணன் என் காதில் சொல்வார்.

நல்ல மனிதர். ஒருநாள் விறகு அடுக்கிக்கொண்டே கேட்டார்: “அந்த ஊருல எங்கள மாதிரி ஆளுக என்னப்பு எழுதுனாக?”

“ஒண்ணு ரெண்டு பேரு எழுதியிருக்காகண்ணே. விடுதலையானப்பெறகு.”

“ஆனப்பெறகு அவுகளும் ஐயாமாருகதான. அப்ப நீ இம்புட்டு நாளாப் படிக்கிறது பூரா ஐயாமாரு பேச்சு.”

இலக்கியத்தை அப்படிப் பார்க்கக்கூடாது என்று சொன்னால் அவருக்குப் புரியாது.

இன்னொரு நாள், குளியல் அறையில் வேலையாட்களிடம் அடிபட்டுச் செத்த ஓர் எஜமானைப் பற்றிய இடம் வந்தது. ஐயா அதை மறுபடி படிக்கச் சொன்னார். “சோணை, கேட்டியாடா?” என்றார்.

“கேட்டேங்கய்யா. எங்கிட்ட இருக்கது வெறும் மூங்கிப் பத்தைதான்.”

உள்ளே மூவருமே சிரித்தோம்.

அந்தக் காலத்து எஜமான்கள் உயிலில் சில அடிமைகளுக்கு விடுதலை எழுதி வைப்பார்கள். உயிரோடு இருக்கும்போதே விடுவித்தால் முதுகு தேய்க்க ஆள் வேண்டுமே. ஐயாவுக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்தது. “நம்மட்ட அடிமை யாருமில்லையே மகாராசா,” என்று என் பெயரைச் சொல்லி உண்மையாகவே வருத்தப்பட்டார். நான் வேலையாட்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஆறு குடும்பங்கள். தாத்தா காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர்கள். வேலை நின்றால் அன்றே சட்டி பானையோடு வெளியேற வேண்டியவர்கள். ஐயா ஜீப்பில் போடிக்குப் போய், தனக்குப் பின் அந்த வீடுகள் அடிமனையோடு அவரவருக்கே சேர வேண்டும் என்று உயில் எழுதிப் பதிந்துவிட்டு வந்தார். வந்து எல்லாரையும் கூட்டிச் சொல்லவும் செய்தார். அன்றிலிருந்து “ஐயா சொகமா இருக்கீகளா?” என்ற கேள்வியை லயத்தில் எல்லாரும் கொஞ்சம் கவனமாகக் கேட்டார்கள். ரோமாபுரியிலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

அந்த உயில் என்னால் வந்தது, சார். அதை மறந்துவிடாதீர்கள்.

பிறகு வினோத்குமார் வந்தார், ஐயாவின் தங்கை மகன், சென்னையில் இடம் வாங்கி விற்பவர். இரண்டு காரியம் செய்தார். எஸ்டேட்டை ஒரு ரிசார்ட்டுக்குப் பேசி முடித்தார். லயம் இருக்கிற இடத்தில் நீச்சல் குளம் வரும். ஐயா கையெழுத்துப் போட்டுவிட்டால் உயில் வெறும் காகிதம். இன்னொன்று, ஐயாவின் செல்லில் எதையோ ஏற்றிக் கொடுத்தார். அது லத்தீனை வாசிக்கும், தமிழில் பொருளும் சொல்லும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது முதல் காரியத்தை. இரண்டாவதை விட்டுவிட்டால் கதை முழுதாகாது என்பதால் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் நான் வராந்தாவுக்குப் போனபோது என் நாற்காலியில் செல்லைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அது பேசிக்கொண்டிருந்தது. ஐயா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மகாராசா, இனிமே நீ அலைய வேணாம்யா. இது நல்லாப் படிக்குது. நடுவுல இருமல, டீ கேக்கல.”

கொஞ்ச நேரம் நின்றேன். டீ வந்தது, அவருக்கு மட்டும்.

ரிசார்ட்டு விஷயம் லயத்துக்குத் தெரிந்ததும் வீரலட்சுமி அக்கா என்னைத் தேடி வந்தார். “தம்பி, ஓன் பேச்சக் கேட்டுத்தான ஐயா எழுதி வச்சாக. புதன்கெழம கையெழுத்துங்கிறாக. வெரசாப் போயி ஒரு வார்த்த சொல்லிப்போடு. இத விட்டா எங்களுக்கு எந்த ஊரு?” சோணை அண்ணன் பின்னால் நின்று, “நீச்சக் கொளத்து நடுவுல எங்க வீட்டவும் விட்டுறச் சொல்லு அப்பு. நாங்க பாட்டுக்கு மெதந்துக்கிட்டுக் கெடக்கோம்,” என்றார். சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பார்.

போனேன். ஐயா தனியாகத்தான் இருந்தார். முதலில் அந்தச் செல்லின் வாசிப்பைப் பற்றிச் சொன்னேன். இழுக்க வேண்டிய இடத்தில் குறுக்குகிறது, நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடுகிறது, கேலியைக்கூடக் கோர்ட்டு உத்தரவு மாதிரிப் படிக்கிறது என்று எடுத்துக்காட்டோடு விளக்கினேன். ஒரு செய்யுளை நானே படித்தும் காட்டினேன். நன்றாகவே வந்தது. ஐயா முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, “சரிடா, போ. போயித் தீயப் பாரு. அதான ஓன் சோலி,” என்றார்.

வீடுகளைப் பற்றியா? அன்று அதற்கு நேரம் வரவில்லை. அக்காவிடம், ஐயா மசியவில்லை என்று சொன்னேன். ஒருவகையில் உண்மைதான்.

அதன்பிறகு நிதானமாக யோசித்தேன். புதன்கிழமைக்கு முன் ஐயா இறந்தால் உயில் நிற்கும், ஆறு குடும்பங்களுக்குக் கூரை நிற்கும். பின்னால் இறந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. எழுபதை நெருங்கிய வயது, சர்க்கரை வேறு. எல்லாம் பார்த்து அலுத்துவிட்ட மனிதர். கொஞ்ச நாளில் ரோமாபுரியும் அலுத்திருக்கும். எனக்கு லயத்தில் வீடு கிடையாது. இதில் எனக்குக் கிடைப்பது எதுவுமில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எப்போதும்போல ஸ்டோரைச் சூடாக்கினேன். உள்ளே குழாயின் மூட்டு ஒன்று கொஞ்ச நாளாகவே விட்டிருந்தது. அதை அடைக்க வேண்டும் என்று முன்பு நானே சொல்லியிருக்கிறேன். ஐயா உள்ளே போனார். பெஞ்சுமேல் செல்லை வைத்துக்கொண்டார், அது வாசிக்கத் தொடங்கியது. கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். பிறகு ஏணியில் ஏறிப் புகைக்கூண்டின் மூடியையும் சாத்தினேன். புகைக்குப் போக வேறு இடமில்லை.

சற்று நேரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. வீரலட்சுமி அக்கா அப்போதுதான் சுள்ளி எடுக்க வந்தார்.

“என்ன தம்பி, உள்ள தட்டுற சத்தம் கேக்குது?”

“சோணை அண்ணே ஐயா முதுகுல தட்டுறாருக்கா. ரோமாபுரி வைத்தியம்.”

“இன்னும் என்னென்ன கூத்துப் பண்ணுவாகளோ. இந்த மனுசனுக்கு ஒருநாளு எங்கால அமுக்கிவிடத் தெரியல.”

சிரித்துக்கொண்டே தாழைப் பார்த்தார். அதில் கை வைக்கவில்லை. நான் திறக்கச் சொல்லவில்லையே. சுள்ளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆமாம், சோணை அண்ணனும் உள்ளே இருந்தார். இதை ஏன் இவ்வளவு தாமதமாகச் சொல்கிறாய் என்கிறீர்கள். உங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே, நீங்கள்தானே இரண்டு உடலையும் தூக்க வைத்தீர்கள். அவரை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அழைத்திருக்கலாம் என்பதும் சரி. நானும் யோசித்தேன். அவர் இல்லாமல் ஐயா உள்ளே உட்கார மாட்டார். அதைவிட முக்கியம், முதலாளி மட்டும் செத்தால் கொலை என்று தோண்டுவார்கள். கூட ஒரு வேலையாளும் செத்தால் அது விபத்து. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, நானே யோசித்தது. ரோமாபுரியில் எஜமான் கொல்லப்பட்டால் அதே கூரையின் கீழ் இருந்த அடிமைகள் அத்தனை பேரையும் கொல்லச் சட்டம் இருந்தது. நான் ஒருவரோடு நிறுத்திக்கொண்டேன்.

தட்டுவது நின்ற பிறகும் செல் படித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் அணைந்துவிடும் என்று நினைத்தேன், நல்ல கம்பெனிபோல. தன் தோட்ட வீட்டின் வெந்நீர் அறையைப் புகழ்ந்து ஒரு பணக்காரர் எழுதிய கடிதம் அது. ஒவ்வொரு வரியையும் கெடுத்தது. நான் கதவோரம் உட்கார்ந்து, அது ஒரு வரி முடித்ததும் அதே வரியை எப்படிப் படிக்க வேண்டுமோ அப்படிப் படித்தேன். கடிதம் முடிகிறவரை படித்தேன். பிறகு மூடியைத் திறந்துவிட்டுச் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

விபத்து என்றார்கள். உயில் நின்றது. வினோத்குமார் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் காரில் ஏறிப் போய்விட்டார். கவனக்குறைவு என்று என்னை நீங்கள் கூட்டிவந்தபோது லயத்து ஆட்களே எனக்கு வக்கீல் பிடித்தார்கள். “கண்ணசந்துட்டேன்னு சொல்லிரு தம்பி, வெரசா வெளிய வந்துறலாம்,” என்றார் வக்கீல். அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. வேலை நேரத்தில் நான் தூங்குகிறவன் இல்லை.

நேற்று வீரலட்சுமி அக்கா இங்கே வந்தார். நீங்கள்தான் பேச விட்டீர்கள். அவர் அழவில்லை. “அவரு வெரல்ல சனீஸ்வரனுக்குப் போட்ட இரும்பு மோதரம் கெடக்கும். பலகைல பட்டா டொக்கு டொக்குன்னு கேக்கும். முதுகுல தட்டுனா அப்பிடிக் கேக்காது. எனக்குத் தெரிஞ்சுச்சு தம்பி. தீப் போட்டவன் சொல்றான், படிச்ச பிள்ள சொல்லுதுன்னு போயிட்டேன்,” என்றார். வீடு உங்க பேருக்கு வந்துரும்கா என்றேன். “எந்த வீடு?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அதிர்ச்சியில் இருக்கிறார். நாளாக ஆக அவருக்குப் புரியும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தாழைப் போட்டவன் நான். மூடியைச் சாத்தியவன் நான். உள்ளே இரண்டு பேர் இருப்பது தெரிந்து செய்தேன், தட்டுவது கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆறு குடும்பங்களுக்காகச் செய்தேன், எனக்காக ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள்.

ஒரு நிமிடம். மேலே என் பெயருக்குப் பக்கத்தில், தொழில் என்ற இடத்தில், ஸ்டோரில் தீப் போடுபவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு லத்தீன் ஆசிரியர் என்று போடுங்கள், சார். அதைப் போட்டால்தான் கையெழுத்து.